பிச்சைமுத்து என்ற பெயரில் என்ன குறை?

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போன வாரம் நம் வீட்டுப் பெயர்சூட்டு விழா. பத்திரிகையில் குழந்தையின் கொள்ளுத்தாத்தா பெயரை 'பி. முத்து' என்று அச்சடித்திருந்தார்கள். எழுபத்தெட்டு வயதாகிறது என் பெரியப்பா மகனுக்கு. அவர் பெயர் பிச்சைமுத்து. முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏன் இப்படி என்று கேட்டேன். "முழுசா போட்டா நல்லாவா இருக்கும் சித்தப்பா? ஆபீஸ்ல இருந்தெல்லாம் வர்றாங்க" என்று பதில் வந்தது.

சரி, அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேளுங்கள். அண்ணனுக்கு முன்னால் பெரியம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. நான்காவது வயிற்றில் இருந்தபோது மஞ்சள் சேலை கட்டி, ஏழு வீட்டு வாசலில் மடியேந்தி மடிப்பிச்சை எடுத்தார். அந்த அரிசியைக் கோயிலில் கொண்டு சேர்த்தார். பிள்ளை தங்கியது. 'இது நான் பெற்றதல்ல, நீ போட்ட பிச்சை' என்று சாமியிடம் சொல்லி வைத்த பெயர் அது. உயிர்ப்பிச்சை, மாங்கல்யப் பிச்சை என்றெல்லாம் சொல்கிறோமே, அந்தப் பிச்சை. தெருவில் தட்டேந்துவது மட்டும்தான் உங்கள் நினைவுக்கு வருகிறது என்றால் தமிழ் சொல்லிக்கொடுத்த என்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

பிள்ளை பிழைக்க வேண்டுமே என்று நம்மவர்கள் செய்தது கொஞ்சமா? குப்பையில் போட்டு எடுத்துக் குப்புசாமி, குப்பம்மாள் என்றார்கள். மூக்கைக் குத்தி மூக்கையா என்றார்கள். தவிட்டைக் கொடுத்து அடுத்த வீட்டுக்காரியிடம் விலைக்கு வாங்கினார்கள். 1971இல்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020இல் அது 28. அண்ணன் பிறந்தது 1971க்கும் வெகு முன்னால். பெரியம்மா எந்தப் பயத்தில் மடியேந்தினார் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும்.

சொல்லும் லேசுப்பட்டதல்ல. வடமொழி பிக்ஷாவிலிருந்து வந்தது. புத்த பிக்குவும் அந்த வழிதான். சிவபெருமானுக்கே பிட்சாடனர் என்று ஒரு கோலம் உண்டு, சிதம்பரம் திருவிழாவில் அந்தக் கோலத்திலேயே வீதி உலா வருகிறார். பிச்சாண்டி என்று பெயர் வைத்தது அவரை நினைத்துத்தான். முஸ்லிம்களில் பிச்சை மைதீன் உண்டு, கிறிஸ்தவர்களில் தேவப்பிச்சை உண்டு. தெலங்கானா பக்கம் பிட்சபதி. மதம் பார்க்காமல் எல்லாத் தாய்மார்களும் வைத்த பெயர் இது.

குழந்தைக்கு வைத்த பெயர் ரித்விக். அழகான பெயர், நான் குறை சொல்லவில்லை. அர்த்தம் மட்டும் சொல்லிவிடுகிறேன்: வேள்வி நடத்திக் கொடுத்துத் தட்சணை வாங்கும் புரோகிதர். கொள்ளுத்தாத்தா பெயரில் வாங்குவது கேவலம், பேரன் பெயரில் வாங்குவது ஸ்டைலா?

2015இல் சுந்தர் பிச்சை கூகுளுக்குத் தலைமைச் செயல் அதிகாரியானபோது இதே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எத்தனை கைதட்டல்! அவர் சுந்தரராஜனைத்தான் சுந்தர் என்று சுருக்கிக்கொண்டார், பிச்சையில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. அமெரிக்காவில் இருந்தால் பெருமை, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் வெட்கம்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். நல்ல பெயர் வைத்துக்கொள்ளவே சில மக்களை மேல்சாதிக்காரர்கள் விடாத காலம் இருந்தது. இழிவுக்காக அடுத்தவன் சுமத்திய பெயரைத் தூக்கி எறிகிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். இது வேறு. இது தாய் வைத்தது.

இவ்வளவு பேசுகிற எனக்கும் யோக்கியதை குறைவுதான். வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு ஜூன் மாதம், ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை. ஒரு அம்மா "பிச்சைங்க சார்" என்றார். "இதெல்லாம் ஒரு பேரா? பெரியவனானா பையன் கஷ்டப்படுவான்" என்று நானே அன்பரசு என்று பதிவேட்டில் எழுதினேன். "சார் சொன்னா சரிதான்" என்று மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் முன்னால் இரண்டு பிள்ளைகள் தவறியிருந்தன என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பையன் இன்று நல்ல நிலையில் இருக்கிறான், இந்தப் பதிவையும் படிப்பான். உன் அம்மாவைக் கேட்காமல் செய்தது தப்புடா. அவர் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும்.

ரித்விக்குத் தை மாதம் காது குத்தப் போவதாகச் சொன்னார்கள். பத்திரிகையில் பிச்சைமுத்து என்று முழுசாகப் போடுங்கள். 'ச்'சன்னா ஒற்று விடக்கூடாது. அச்சுக்குக் கொடுக்கும் முன் ப்ரூஃபை எனக்கு அனுப்புங்கள், நான் திருத்தித் தருகிறேன்.