கண்ணு தறிக்கு... காது யாருக்கு?

ஆண்டு விழான்னா நமக்குப் பல்சுவை நிகழ்ச்சி. பல்சுவைன்னா? சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு நாலு பேர் ஆடுவார்கள். ஒருவர் வந்து ரஜினி, விஜயகாந்த் குரலில் பேசுவார். நாம் விசிலடிப்போம். நானும் அடிச்சவன்தான், மறுக்கலை! போன வருஷம் எங்க அப்பாவை அழைத்து வந்திருந்தேன். பட்டு நெசவு அவர் தொழில். பாதியிலேயே எழுந்துவிட்டார். "இதுல கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையேடா" என்றார். பார்க்கறதுக்கு என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். கை நாடாவுக்கு, கால் மிதிக்கு, கண்ணு ஜரிகைக்கு. சும்மா இருப்பது காது ஒண்ணுதான். டி.வி. பார்த்தால் இழை அறுந்தது தெரியாது. செல்போன் வீடியோவும் அதே கதிதான். அதனால்தான் எங்க தாத்தா தறிக்குழி ஓரமாக ரேடியோ வைத்திருந்தார்.

1952-ல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் கட்டுப்படுத்தினார். நேயர்கள் பேசாமல் முள்ளை இலங்கைக்குத் திருப்பிவிட்டார்கள்! 1957-ல் விவித பாரதி வந்த பிறகும் தாத்தாவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. இருட்டினால்தான் இலங்கை நல்லா கேட்குமாம். பகலில் அயனி மண்டலத்தின் டி அடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும், இரவில் அது கலைந்ததும் மேலடுக்கில் பட்டு அலை வெகுதூரம் போகும் என்று நாம் மார்க்குக்காகப் படிக்கிறோம். தாத்தா காதாலேயே கண்டுபிடித்திருக்கிறார்.

கே.எஸ். ராஜாவின் வேகத்தை அவர் பேசிக் காட்டுவார், மூச்சு வாங்கும். பி.எச். அப்துல் ஹமீத் அந்த வானொலியில் நடத்தி, பின்னாளில் சன் டி.வி.க்கும் கொண்டு வந்த 'பாட்டுக்குப் பாட்டு'வில் எழுத்தைக் கொடுத்ததும் சொந்தத் தொண்டையில் பாட வேண்டும். திணறினால் திணறல்தான் கேட்கும். அந்தப் பதைப்புதான் ருசியே.

எனக்குப் பெரிதாகப் படுவது 1970களின் 'கோமாளிகளின் கும்மாளம்'. மரைக்கார் ராமதாஸ் எழுதி நடித்த தொடர். 1976-ல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. அதில் யாழ்ப்பாணத் தமிழ், முஸ்லிம் தமிழ், ஐயர் தமிழ், சிங்கள வாடை அடிக்கும் தமிழ் என்று ஆளுக்கொரு பேச்சு. முகமே தெரியாத ரேடியோவில் பேச்சுதான் முகம்!

நம்ம கதை என்ன? ஒத்திகையில் ஒரு நண்பன், தெருவில் பாவு போடறவங்க சண்டையை "இன்னா கீது, எங்க கீது" என்று எங்க தெருப் பேச்சிலேயே பேசிக் காட்டினான். வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் நாங்களே, "மேடையில இது வேணாம்டா, மட்டமா நினைப்பாங்க. வடிவேலு குரல்ல பேசு" என்று மாற்றிவிட்டோம். அவன் மேடையேறி வடிவேலுவாகவே பேசினான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

அண்ணா பல்கலைக்கழகம் 2004-ல் சொந்தமாகச் சமுதாய வானொலி தொடங்கியது. கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. 100 வாட் திறன் போதும், ஆரணி முழுக்கக் கேட்கும். ஆனால் படிவம், அனுமதி, கோபுரம் என்று இழுக்கும். நாம் டிப்ளமோ முடித்துப் போய்விடுவோம்.

அதனால் மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. வரும் விழாவில் ஒரு மணி நேரம் மேடைத் திரையை மூடிவிடுங்கள். உள்ளே மைக் மட்டும். பாட்டு, வாத்தியம், நகைச்சுவை எல்லாம் நேரடி. பதிவு செய்தது எதுவும் கூடாது. 'கீது' பேசுகிற நண்பனுக்குத்தான் முதல் பத்து நிமிஷம். இருட்டில் உட்கார்ந்து கேட்போமே, என்ன குறைந்துவிடும்?

அப்பாவை நான் இந்த முறை அழைத்து வரப்போவதில்லை. அவர் தறியிலேயே இருக்கட்டும். கூம்புக் குழாய் ஒன்றை எங்க தெருப் பக்கமாகத் திருப்பி வைக்கணும். ஆம்ப்ளிஃபயர் நான் கொண்டு வரேன். எலெக்ட்ரிகல் நண்பர்களே, ஒயர் உங்க பொறுப்பு!

— மூன்றாமாண்டு, மின்னணுவியல் பிரிவு