நாற்பது சென்டிமீட்டர்: போக்குவரத்து உயர் அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்னைப் பேருந்தில் சக்கர நாற்காலியோடு ஏறுவதைப் பற்றி நானும் நண்பர்களும் இதுவரை எழுதிக்கொடுத்ததெல்லாம் ‘உரிய நடவடிக்கைக்காக’ மேசை விட்டு மேசை போய்க்கொண்டிருக்கிறது. இனி அடுத்த மேசைக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. அதனால்தான் ஊர் பார்க்க எழுதுகிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. எந்தப் பிரிவு எதைச் சொல்கிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கேட்க வந்தது ஒரே ஒரு வாதத்தைப் பற்றி.

புதுப் பேருந்துகள் வாங்குவது தொடர்பான வழக்கு சில ஆண்டுகளுக்கு முன் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது நினைவிருக்கும். எல்லாத் தடங்களிலும் தாழ்தளப் பேருந்துகளை ஓட்டுவது சாத்தியமில்லை என்றது அரசுத் தரப்பு. ஏன்? சாலையில் மழைத் தண்ணீர் தேங்குகிறது. வேகத்தடைகள் இடிக்கின்றன.

ஐயா, தண்ணீர் வடிய வழி செய்ய வேண்டியவர் யார்? வேகத்தடையை அளவு பார்த்துப் போட வேண்டியவர் யார்? இரண்டும் அரசின் வேலை. அந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்யாமல் விட்டுவிட்டு, ஆகையால் நடக்க முடியாதவர்கள் பேருந்தில் ஏற முடியாது என்று நீதிபதி முன்னால் சொன்னதும் அரசே. தன் குற்றத்தையே தனக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றிய வழக்கை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

வாதம் பொய் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். பதினைந்து ஆண்டுகளுக்கும் முன்பே இதே ஊரில் குளிர்சாதன வோல்வோ பேருந்துகள் ஓடின. முன்பக்கம் படியே இல்லாத தாழ்தள வண்டிகள். பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்களை ஏற்றிக்கொண்டு போனபோது அந்த வண்டிகளுக்கு மழை தெரியவில்லை, வேகத்தடை தெரியவில்லை. சாதாரணக் கட்டணப் பேருந்தில் சக்கர நாற்காலிக்காரர் ஏறலாம் என்று பேச்சு வந்ததும்தான் வங்காள விரிகுடா முழுக்கச் சாலைக்கு வந்துவிட்டது.

அளவுகளைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நகரப் பேருந்து எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2008-இலேயே வரையறுத்தபோது தள உயரத்தை மூன்று வகையாகப் பிரித்தது: 400, 650, 900 மில்லிமீட்டர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் இருக்கை தரையிலிருந்து ஏறக்குறைய 500 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஆக, 900 மில்லிமீட்டர் தளம் என்பது அவருடைய நெஞ்சுக்கு நேரே நிற்கும் ஒரு சுவர். அந்தச் சுவரில் மூன்று படி வெட்டி, குறுக்கே ஒரு கம்பியும் நட்டு, அதற்கு வாசல் என்று பெயர் வைத்திருந்தோம்.

அந்த வாசலில்தான் 2021-இல் ஓர் அறிவிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். பிறகு திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், உடன் வரும் துணைக்கும்கூட இலவசம். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. பெண்கள் இந்த இலவசத்தால் எவ்வளவு வெளியே வந்திருக்கிறார்கள் என்பதைக் காலை எட்டு மணிக்கு எந்த நிறுத்தத்திலும் பார்க்கலாம். ஆனால் நாற்காலியில் இருப்பவருக்குக் கிடைத்தது என்ன? ஏறவே முடியாத வண்டியில் காசு கொடுக்காமல் போகும் உரிமை. அவர் அன்றும் ஆட்டோவுக்குத்தான் கொடுத்தார். நாற்காலியை மடக்கிப் பின்னால் கட்டுவதற்குச் சேர்த்துக் கேட்டதையும் கொடுத்தார்.

நீதிமன்றம் விடவில்லை. அதனால் வண்டிகள் வந்தன. ஜெர்மன் வங்கிக் கடனில் சென்னை, கோவை, மதுரை மூன்று நகரங்களுக்கும் சேர்த்து 552 தாழ்தளப் பேருந்துகள் என்று முடிவாகி, 2024 ஆகஸ்டில் முதல் தொகுதி சென்னையில் ஓடத் தொடங்கியது. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து தாழ்தள மின்சாரப் பேருந்துகளும் கிளம்பின. அதற்குப் பிறகு மழையும் பெய்தது. வண்டிகள் கப்பலேறிப் போய்விடவில்லை.

இத்தோடு நான் நன்றி சொல்லி முடித்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், வண்டி நிறுத்தத்துக்கு வந்து நிற்கும் இடத்தைப் பார்க்கும் வரை.

தாழ்தளம் என்றாலும் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் இருக்கிறது. கதவுக்குள் மடித்து வைத்திருக்கும் சாய்வுப் பலகையின் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கட்டடங்களுக்குச் சொல்லப்படும் சாய்வுக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதன்படி 40 சென்டிமீட்டர் ஏற ஏறக்குறைய 5 மீட்டர் பலகை வேண்டும். நடுச்சாலையில் வண்டியை நிறுத்தி ஒரு மீட்டர் பலகையை விரித்தால் அதில் நாற்காலியை ஏற்றப் பின்னால் இரண்டு ஆள் தள்ள வேண்டும். அதே வண்டி 15 சென்டிமீட்டர் உயரமுள்ள நடைபாதையை ஒட்டி நின்று, பக்கவாட்டில் தளத்தைத் தாழ்த்திக் குனியவும் குனிந்தால், ஏற வேண்டிய உயரம் பாதிக்குப் பாதி குறைந்துவிடும். ஒரு கை உதவி போதும். வித்தியாசம் இவ்வளவுதான்: வண்டி விளிம்பை ஒட்டி நிற்கிறதா, இல்லையா.

நிற்பதில்லை. நிற்க இடமும் இல்லை. நிறுத்தத்தில் முதல் வரிசை ஷேர் ஆட்டோவுக்கு, இரண்டாவது வரிசை யாரோ ஐந்து நிமிடத்துக்கென்று விட்டுப்போன காருக்கு. பேருந்து மூன்றாவது வரிசையில் நிற்கிறது. நல்ல காலுள்ளவர்களே ஓடிப்போய்த்தான் ஏறுகிறார்கள். நடைபாதைக்கு வந்தால், ஓரிடத்தில் அரை அடி உயரம், அடுத்த கடைவாசலில் ஒன்றரை அடி, அதற்கடுத்து பைக் ஏறாமலிருக்க நட்ட இரும்புத் தூண்கள். பைக் எப்படியோ நுழைந்துவிடுகிறது. நாற்காலி நுழைவதில்லை.

தயவுசெய்து இதற்கு ஓட்டுநரையும் நடத்துநரையும் கூப்பிட்டு மெமோ கொடுத்துவிடாதீர்கள். நேரம் தவறினால் நடை அடிபடும், நடை அடிபட்டால் பேட்டா அடிபடும். அந்தக் கணக்கில் ஓடுகிற ஒருவரிடம், இறங்கிவந்து பலகையை விரித்து, நாற்காலியை ஏற்றி, பெல்ட்டைப் பூட்டிவிட்டு, அடுத்த சிக்னலையும் பிடி என்றால் எப்படி? பலகை விரிக்கும் இரண்டு நிமிடத்தை நேர அட்டவணையில் சேர்த்தீர்களா?

ஆராய்ச்சி நடக்கிறது என்று சொல்வீர்கள். தெரியும். இந்த ஊரில் ஆராய்ச்சிக்கா பஞ்சம்? தரமணியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் ஐம்பது ஆண்டுகளாக இருக்கிறது. எண்ணூரில் பேருந்தும் லாரியும் செய்யும் தொழிற்சாலை சுதந்திரம் வந்த காலத்திலிருந்து இருக்கிறது. ஐ.ஐ.டி.யில் மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளுக்காகவே ஓர் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. 2021-இல் அங்கிருந்து ‘நியோபோல்ட்’ வந்தது. நாற்காலியின் முன்னால் பூட்டினால் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை சாலையில் ஓடும் மோட்டார் இணைப்பு. அருமையான கருவி, செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அது எதற்கு விடை என்று யோசித்தீர்களா? பொதுப் போக்குவரத்து ஏற்றிக்கொள்ளாதவர், சொந்தக் காசில் ஒரு வண்டி வாங்கி, அண்ணா சாலையில் லாரிகளுக்கு நடுவே தானே ஓட்டிக்கொண்டு போகட்டும் என்பதற்கு. நீங்கள் கைவிட்ட இடத்தில் அவர்கள் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள்.

உங்கள் பங்குக்கு நீங்களும் ஒரு புதுமை செய்தீர்கள். 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலி வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட். கைபேசிக்குள் எல்லாத் துறையும் கைகோத்துவிட்டன. நிறுத்தத்தில்? வண்டி ஒரு கழகத்துக்கு, நடைபாதை மாநகராட்சிக்கு, சாலை சில இடங்களில் நெடுஞ்சாலைத் துறைக்கு, மறித்து நிற்கும் கார் காவல்துறைக்கு. இவர்களையெல்லாம் ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவரத்தான் ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையத்துக்கு 2010-இல் சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2019-இல். ஒரு சட்டம் அலமாரியிலிருந்து மேசைக்கு வரவே ஒன்பது ஆண்டு என்றால், நடைபாதை விளிம்பு அரை அடிக்கு வர எத்தனை ஆண்டு என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

அகமதாபாத்தில் தனித்தடப் பேருந்துகளுக்காக 2009-இலேயே நிறுத்தத்து மேடையையும் பேருந்துத் தளத்தையும் ஒரே மட்டத்தில் கட்டினார்கள். அவை தாழ்தள வண்டிகள்கூட இல்லை. வண்டி உயரமாக இருந்தால் மேடையை உயர்த்து என்ற ஒரு வரி யோசனைதான். இதைப் பார்த்துவர யாரும் குழு அமைத்து வெளிநாடு போக வேண்டாம். ரயிலேறினால் போதும்.

என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு சாலை வேண்டும். எந்தச் சாலை என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். அதில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எல்லா நிறுத்தங்களிலும் விளிம்பு ஒரே உயரம், குறுக்கே தூண் இல்லை, கார் இல்லை, வண்டி ஒட்டி நிற்கும். தயவுசெய்து அதற்கு ‘முன்னோட்டத் திட்டம்’ என்று பெயர் வைக்காதீர்கள். இந்த ஊரில் முன்னோட்டம் என்று ஆரம்பித்ததற்குப் பின்னோட்டம்தான் அதிகம். ‘மாதிரிச் சாலை’யும் வேண்டாம். சாலை என்றே இருக்கட்டும்.

இதுவும் முடியாதென்றால் இன்னொன்று செய்யலாம். நகரப் போக்குவரத்தில் ஆராய்ச்சியும் புதுமையும் என்று அடுத்த கருத்தரங்கம் எப்படியும் ஏதாவது நட்சத்திர ஓட்டலில் நடக்கும். மேடையில் அனைவருக்குமான பயணம் என்று பதாகையும் தொங்கும். அதற்கு அழைப்பிதழ் அடிக்கும்போது, சக்கர நாற்காலியில் வருபவர்கள் எந்தத் தடப் பேருந்தில் ஏறி, எந்த நிறுத்தத்தில் இறங்கி அரங்கத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதையும் ஒரு வரி அச்சிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பேருந்துக்குக் காத்திருப்பவர்களில் ஒருவர்
சென்னை