தூர் வாருகிறவர் யார்?

எங்கள் விளவங்கோடு தாலுகாவில் குளங்களுக்குக் குறைவில்லை. பெரிய குளமாக இருந்தால், அதை வெட்டுவித்த புண்ணியவான் யார் என்று ஊரில் ஒரு கதையும் வழங்கும். ஆனால் வருஷந்தோறும் அதில் இறங்கி, முழங்கால் சேற்றில் நின்று தூர் வாரியவனுடைய பெயரைப் பொறித்த கல் ஒன்றை நாம் இதுவரையில் பார்த்ததில்லை. குளம் வெட்டுவது தர்மம். தூர் வாருவது வெறும் வேலை. உலகம் எப்பொழுதும் இப்படித்தான் கணக்கு வைத்து வந்திருக்கிறது.

இந்த விசாரம் நமக்குத் திடீரென்று உண்டானதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது நம்முடைய கௌரவத்தை உயர்த்தக்கூடியதன்று. இருந்தாலும் நேயர்களிடம் மறைப்பானேன்?

பள்ளிக்கூடக் காரியங்களைத் தமிழில் எழுதுவதற்கு நாம் பல வருஷங்களாக ஒரு சிறிய மென்பொருளை உபயோகித்து வந்தோம். யாரோ ஓர் அன்பர் எழுதி, எல்லோருக்கும் இனாமாகக் கொடுத்தது. காலாண்டுப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிக்க வேண்டிய அன்று, புதிய கம்ப்யூட்டரில் அது வேலை செய்ய மறுத்துவிட்டது. நமக்கு வந்ததே கோபம்! உபாத்தியாயர்களுக்கே உரிய தோரணையில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினோம். இத்தனை பேர் நம்பியிருக்கும் காரியத்தில் இவ்வளவு அலட்சியம் தகுமா என்று கேட்டோம்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. பகலில் தமக்கு வேறு உத்தியோகம் இருப்பதாகவும், குழந்தை தூங்கிய பிறகே இந்த வேலையில் உட்கார முடிகிறதென்றும், முன்பு கூட இருந்த இருவரும் விலகிவிட்டபடியால் இப்போது தாம் ஒருவரே என்றும் அவர் எழுதியிருந்தார். பழுதைச் சரி செய்தும் அனுப்பியிருந்தார். போதாக்குறைக்கு, தாமதத்துக்காக மன்னிப்பும் கேட்டிருந்தார்! ஒரு காசு கொடுத்தறியாத நாம், சம்பளம் கொடுக்கும் எஜமானனைப்போல் அவரை அதட்டியிருந்தோம். அந்த மன்னிப்பைப் படித்தபோது நமக்கு உண்டான வெட்கத்தை வர்ணிக்க வேண்டியதில்லை.

கட்டற்ற மென்பொருள் என்று சொல்லப்படுவதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய இயக்கமும், 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் இன்று உலகத்துக் கம்ப்யூட்டர்களில் பெரும்பகுதியைத் தாங்கி நிற்கின்றன. நம் தமிழுக்கும் இத்தகைய தொண்டர்கள் செய்திருப்பது கொஞ்சமல்ல. 1998-ம் வருஷம் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஸ்விட்ஜர்லாந்தில் இருந்த டாக்டர் கலியாணசுந்தரத்தின் தலைமையில், சங்க நூல்கள் முதல் பல இலக்கியங்களை மின்பதிப்பாக்கி எல்லோருக்கும் எட்டச் செய்தது. 2003-ல் பிறந்த தமிழ் விக்கிபீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் சேர்ந்திருக்கின்றன. இவையெல்லாம் கூலி வாங்காத கைகள் வெட்டிய குளங்கள். தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் லட்சக்கணக்கானவர்கள். தூர் வாருகிறவர்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதனால் என்ன மோசம் என்று கேட்கலாம். 2014-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் உலகம் அதைக் கண்டுகொண்டது. வலைத்தளங்களில் நாம் கொடுக்கும் இரகசியங்களைக் காக்கும் 'ஓப்பன் எஸ்எஸ்எல்' என்னும் மென்பொருளில் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. பாங்கிகளும் வியாபார ஸ்தாபனங்களும் அதை நம்பிக் கோடி கோடியாகச் சம்பாதித்துக் கொண்டிருந்தன. அதற்கு முழு நேரமும் உழைத்தவரோ ஒரே ஒருவர்! வருஷத்துக்கு நன்கொடையாக வந்தது சுமார் 2,000 டாலர். ஓட்டை தெரிந்த பிறகுதான் பெரிய கம்பெனிகள் பணப்பையைத் திறந்தன.

இரண்டாவது கதை இதைவிடப் பயங்கரமானது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற கருவியைப் பின்லாந்தைச் சேர்ந்த லாஸெ காலின் என்பவர் நெடுங்காலமாகத் தனியாளாகக் கவனித்து வந்தார். 2022-ல், வேலை மெதுவாக நடக்கிறதென்று குறைகூறிக் கடிதங்கள் வந்தன. தமக்கு மனநலம் சரியாக இல்லை என்றும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்றும் அவர் பதில் எழுதினார். அச்சமயம் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, மரியாதையாக ஒத்தாசை செய்துகொண்டிருந்தார். களைத்த மனிதர் கைகொடுத்தவரை நம்பிப் பொறுப்பில் பங்கு கொடுத்தார். 2024-ல் அந்தக் கை மென்பொருளுக்குள் ஒரு கள்ளச் சாவியைச் செருகிவிட்டது! ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற இஞ்சினீயர், தம் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதிக்கிறதே என்று துருவிப் பார்த்து, மார்ச்சு 29-ந் தேதி அதை அம்பலப்படுத்தினார். இல்லாவிட்டால் அது உலகத்துச் சர்வர்களிலெல்லாம் புகுந்திருக்கும். 'ஜியா டான்' யார் என்பது இன்றளவும் வெளியாகவில்லை.

அவருக்கு வந்த கடிதங்களைப் பற்றிப் படித்தபோது நமக்குச் சுருக்கென்றது. நாம் எழுதியதும் அதே ரகந்தான். நம்மிடம் கள்ளச் சாவி இல்லை; அவ்வளவே வித்தியாசம்.

இதற்கு வழி என்ன? நம் முன்னோர்கள் குடிமராமத்து என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். குளத்து நீரில் பங்குள்ளவனுக்குக் குளத்து வேலையிலும் பங்கு உண்டு. அந்த வழக்கம் தளர்ந்ததைக் கண்டு சென்னை மாகாணத்தில் 1858-ல் சட்டமே போட்டார்கள். சட்டத்தால் மட்டும் வழக்கம் பிழைத்துவிடவில்லை. 'ஸர்க்கார் குளந்தானே' என்ற எண்ணம் புகுந்த இடத்தில் மண்வெட்டி துருப்பிடித்தது. ஆகவே, பங்கு என்ற உணர்ச்சியே முக்கியம். அவரவர் பங்கு எது என்பதுதான் கேள்வி.

லாபம் அடைகிறவர்களும் அரசாங்கங்களும் பணத்தால் பங்கு செலுத்த வேண்டும். ஜெர்மனி 2022-ல் இதற்கென்றே ஒரு நிதி ஏற்படுத்தியது. அவ்வளவு தூரம் போவானேன்? குழித்துறையிலிருந்து களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே பள்ளிக்கூடங்களுக்கென்று கட்டற்ற மென்பொருளைத் திரட்டிச் சீர்ப்படுத்திக் கொடுக்க 'கைட்' என்ற அரசு ஸ்தாபனமே இருக்கிறது. கூலி கொடுத்தால் தொண்டு கெட்டுவிடாதா என்று சிலர் அஞ்சுகிறார்கள். தூர் வாருகிறவனுக்கும் பசி உண்டு என்பதைத் தவிர நமக்கு வேறு பதில் தோன்றவில்லை.

பொறுப்பாளர்களும் ஒன்று செய்ய வேண்டும். தாம் களைத்துப் போவதற்கு முன்பே, ஒருவருக்கல்ல, மூவருக்காவது வேலையைப் பழக்கி வைக்க வேண்டும். ஒருவர் செய்ததை மற்றவர் சரிபார்க்கும் வழக்கம் இருந்தால், 'ஜியா டான்'கள் நுழைவது அவ்வளவு சுலபமாக இராது. போதும் என்று தோன்றும்போது கௌரவமாக விலகிக்கொள்ளவும் தொண்டருக்கு உரிமை உண்டு. இனாமாகக் கொடுத்தவன் ஆயுள் முழுவதும் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

நிரல் எழுதத் தெரியாத நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வது? இதை அந்த அன்பரிடமே கேட்டு இரண்டாவது கடிதம் எழுதினோம். இம்முறை மன்னிப்புக் கேட்டது நாம். அவர் கேட்டவை மிகவும் சாதாரணமானவை. பழுது எந்தக் கம்ப்யூட்டரில், எதைச் செய்தபோது வந்தது என்று தெளிவாக எழுதினால் போதும். பாதி வேலை மிச்சம் என்றார். உபயோகிக்கும் முறையைப் பற்றி நல்ல தமிழில் ஒரு குறிப்பு வேண்டும் என்றார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு யாராவது பதில் சொன்னால், தாம் இரவில் ஒரு மணி நேரம் முன்னதாகத் தூங்கலாம் என்றார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்துக் குறிப்பை எழுதி முடித்தோம். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பழைய கம்ப்யூட்டர்களில் ஓட்டிப் பார்த்துச் சொல்வதாகப் பதினோராம் வகுப்பு மாணவர்கள் மூவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, மூல நிரலையும் திறந்து பார்க்கலாமா என்று கேட்டாள். தாராளமாகப் பார்க்கலாம் என்றோம். சென்ற வாரம் அவளே ஒரு சிறு பிழையைக் கண்டுபிடித்து எழுதினாள். மறுநாளே பதில் வந்துவிட்டது. இம்முறை அதில் மன்னிப்பு எதுவும் இல்லை. இன்னொரு பிழையும் இருக்கிறது, நேரமிருந்தால் அதையும் பார் என்று அவளிடமே ஒப்படைத்திருந்தார்.