கணியம்பாடிக்கு யார் வரப்போகிறார்கள்?

"உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல திருட என்ன சார் இருக்கு?" என்று கேட்டார், காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர். நியாயமான கேள்விதான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, குடும்பப் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன், பென்ஷன் காகிதங்கள் எல்லாவற்றையும் அதில் சேர்த்து வீட்டு சர்வராக வைத்திருக்கிறேன். வெளியூர்ப் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று நிலையான ஐபி முகவரி வாங்கி, ரவுட்டரில் 22-ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டேன். மறுநாள் லாகைப் பார்த்தால், ராத்திரி முழுக்க யார் யாரோ 'ரூட்', 'அட்மின்', 'டெஸ்ட்' என்று பெயரை மாற்றி மாற்றிச் சொல்லி நுழையப் பார்த்திருக்கிறார்கள்.

அவர்கள் என்னைத் தேடி வந்தவர்கள் இல்லை. இணையத்தில் ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஸீமேப் என்ற மென்பொருள், நல்ல வேக இணைப்பு இருந்தால், ஒரே கம்ப்யூட்டரிலிருந்து அத்தனை வாசலையும் 45 நிமிடத்துக்குள் தட்டிவிடும். அதற்குக் கணியம்பாடியும் ஒன்றுதான், கலிபோர்னியாவும் ஒன்றுதான்.

வருகிறவனுக்கு என் பேத்தியின் காதுகுத்துப் படம் எதற்கு? அவனுக்கு வேண்டியது பெட்டி. அதை அடியாளாக வைத்துக்கொள்ளலாம். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் இப்படித்தான் வீட்டு கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. உச்சத்தில் சுமார் 6 லட்சம் கருவிகள். அந்த அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு டைன் நிறுவனத்தைத் தாக்கியதில் அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் திறக்கவில்லை. இதற்குப் பெரிய மூளை ஒன்றும் தேவைப்படவில்லை. கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சம், அவ்வளவுதான்.

பாஸ்வேர்டை நீளமாக்கினால் போதும் என்பார்கள். நீளமாக்கத்தான் வேண்டும். ஆனால் தெருவைப் பார்த்து வாசலே இருக்கக் கூடாது என்பது என் கட்சி. கூடங்குளத்தையே பாருங்கள். 2019-இல் அங்கே நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் நச்சு நிரல் புகுந்ததை அணுமின் கழகமே அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. முக்கியமான உள்வலை தனியாக இருந்ததால் அது தப்பியது என்றும் சொன்னது. அணு உலைக்கே நடுச்சுவர்தான் காவல் என்றால் நம் வீட்டுக்கு வேண்டாமா?

22-ஐ மூடிவிட்டேன். பிள்ளைகள் இப்போது வயர்கார்டு வழியாக வருகிறார்கள். சரியான சாவி இல்லாதவன் தட்டினால் அது பதிலே சொல்லாது. கேமராவை ரவுட்டரின் கெஸ்ட் வைஃபைக்குத் தள்ளியாயிற்று. படங்களின் நகல் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. மாதம் ஒருமுறை செருகுவேன், வேலை முடிந்ததும் பிடுங்கி பீரோவில் வைத்துவிடுவேன். சர்வரையே ஒருவன் பூட்டிப் பணம் கேட்டாலும் பீரோவுக்குள் கை நீளாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "உங்க வீட்டு டிவிஆர் பாஸ்வேர்டு என்ன வச்சிருக்கீங்க?" என்று நண்பரைக் கேட்டேன்.

"அது கேமரா மாட்டின பையன்கிட்டதான் சார் கேக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன்.