கடல் தாண்டலாம், சேரியைப் பேசக் கூடாதாம்!

தலித் பிள்ளைகள் வெளிநாடு போய் மேற்படிப்பு படிக்க ஒன்றிய அரசு தரும் உதவித்தொகை 1954-55லேயே தொடங்கியது. 2022 விதிப்படி ஆண்டுக்கு 125 இடம். அதில் நூற்றுக்கு முப்பது பெண்களுக்கு. பெண்கள் போதவில்லையென்றால் ஆண்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று கூடவே எழுதியும் வைத்துவிட்டார்கள். வயசு முப்பத்தஞ்சுக்குள்ள இருக்கணும். தம்பி படிக்க வேலைக்குப் போன வருஷம், கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாத்தையும் கழிச்சா நம்ம பொண்ணுக்கு மிஞ்சுறது எத்தன வருஷம்?

இதையும் தாண்டி ஒருத்தி வருகிறாள் என்று வையுங்கள். 2022 பிப்ரவரியில் அவள் வாயையே கட்டினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு, இவற்றுக்கெல்லாம் பணம் கிடையாது. இதற்கான வல்லுநர்களும் ஆதாரங்களும் இங்கேயே நிறைய இருக்காம், எதுக்கு வெளிநாடு என்று சமாதானம் வேறு. இருக்கட்டும். அந்த வல்லுநர்கள் எந்தத் தெருக்காரர்கள்?

பண்ணையார் பேரன் அப்பன் காசில் லண்டன் போய் எங்க ஆத்தா நடவு நட்ட கதையை எழுதிப் பட்டம் வாங்கலாம். அவனை எந்த விதியும் மறிக்காது. அவனுக்கு எங்க ஆத்தா ஒரு தகவலாளி. அவ பெத்த மக மட்டும் அரசாங்கப் பணத்தில் போய் அதை எழுதக் கூடாது. வேற எதையாவது படிச்சுட்டு வாயை மூடிக்கிட்டு வரணும்.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில்தான் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1916 மே மாதம், இருபத்தஞ்சு வயதில், அங்கே வாசித்த கட்டுரை இந்தியாவில் சாதிகள் பற்றியது. சதி, கட்டாய விதவைக் கோலம், பால்ய விவாகம் எல்லாம் அகமணத்தைக் காக்கச் செய்த ஏற்பாடு என்று அதில் காட்டினார். சாதி நிற்பது பெண்ணை அடைத்து வைப்பதில்தான் என்று நூறு வருஷத்துக்கு முன்பே பிட்டு வைத்தார். அந்த இடத்திலிருந்து மேலே எழுத வேண்டியவள் தலித் பெண். 2022 விதி அன்றைக்கு இருந்திருந்தால் அந்தக் கட்டுரைக்கே காசு கிடையாது. ஒரு மகாராஜா போடாத பூட்டை, அவர் தந்த சட்டத்தின் பேரில் ஆளுகிறவர்கள் போட்டார்கள்.

உதவித்தொகை கொடுப்பதே பெரிசு, இதில் தலைப்பு வேற கேக்குதா என்று நம்ம ஆட்களிலேயே சிலர் பேசுகிறார்கள். தோழர்களே, இது பிச்சைக்காசு இல்லை.

அந்த வரி எந்த விதிப்புத்தகத்திலும் இருக்கக் கூடாது. பெண்களுக்கான இடம் நிரம்பாவிட்டால் அடுத்த ஆண்டுப் பெண்களுக்கே போகட்டும். வயது வரம்பைப் பெண்களுக்கு நாற்பதாக்கு.