பொலிசே அடித்தால் யாரிடம் சொல்வது?

வெள்ளவத்தையில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த அன்று, தொலைக்காட்சியில் வெற்றிமாறனின் ‘விசாரணை’ ஓடிக்கொண்டிருந்தது. 1983இல் ஆந்திராவின் குண்டூரில், செய்யாத குற்றத்துக்காகப் பொலிஸ் காவலில் அடிபட்டவர் மு. சந்திரகுமார். ஆட்டோ ஓட்டிப் பிழைத்த அவர் எழுதிய ‘லாக்கப்’ நூலே படத்துக்கு அடிப்படை. 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் மனித உரிமைக்கான விருதும் பெற்றது.

பார்த்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டான்: “உம்மா, பொலிசே அடித்தால் யாரிடம் சொல்வது?” தங்கச்சி தொலைக்காட்சியை நிறுத்திவிட்டாள். கேள்வியை நிறுத்த முடியுமா?

சகோதரிகளே, பதில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நமது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடை செய்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதற்கு ஏழு வருடத்துக்குக் குறையாத சிறை என்கிறது. பாதிக்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. மருத்துவ அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

பலன் உண்டா? 2011இல் காவலில் வதைபட்ட ஒருவரின் வழக்கில், 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தேசபந்து தென்னக்கோனை நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அதன் பிறகும் அவர் பொலிஸ் மா அதிபரானார்; 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது.

நீதி தாமதித்துத்தான் வந்தது. ஆனாலும் முதலில் ஒருவர் வாய் திறந்ததால்தான் வந்தது. பிள்ளைக்கு அதைச் சொல்லுங்கள்.