பின்னால் ஹாரன் அடித்தாலும் நில்லுங்கள், மாப்பிள்ளை!

மகளுக்குப் பிரசவம், பேரனுக்கு ஆண்டு நிறைவு, மருமகள் மறுபடி வேலைக்குப் போகிறாள்... ஏதோ ஒரு காரணம். ஆறு மாதம் தங்கிவிட்டு வரலாம் என்று அமெரிக்கா கிளம்பும் அம்மா, அப்பாக்கள் நம்மில் எத்தனை பேர்! ஊறுகாய், பருப்புப் பொடி, பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை என்று பெட்டியை எடை பார்த்துப் பார்த்துக் கட்டுகிறோம். அங்கே போய்த் தெருவைக் கடப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

'இதில் என்ன இருக்கிறது? சிக்னல் விழுந்தால் நடக்க வேண்டியதுதானே!' என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நியூஜெர்ஸியில் பெண் வீட்டில் இருந்தபோது, சுகருக்காகத் தினமும் சாயங்காலம் முக்கால் மணி நேரம் நடப்பேன். ஒருநாள் நாற்சந்தியில் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். வெள்ளை மனிதப் படம் எரிந்தது. தைரியமாகக் காலை எடுத்து வைத்தேன். சிவப்பு விளக்குக்கு நின்றிருந்த கார் ஒன்று, சத்தமில்லாமல் ஊர்ந்து வந்து என் புடவைக்கு ஒரு முழம் தள்ளி 'டக்'கென்று நின்றது. ஓட்டியவர் கையைத் தூக்கி ஏதோ மன்னிப்புக் கேட்டார். எனக்கு நெஞ்சு படபடப்பு அடங்கவே பத்து நிமிஷம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து சொன்னால், பெண் சிரிக்கவில்லை. "அம்மா, இங்கே ரெட்ல இருக்கும்போதே ரைட் சைடு திரும்பலாம்மா. அது சட்டப்படி சரிதான். முழுசா நின்னு, நடக்கறவங்களுக்கு வழி விட்டுட்டுத் திரும்பணும். அவர் உன்னைப் பார்க்கவே இல்லை, அதான் தப்பு" என்றாள்.

ஏன் பார்க்கவில்லை? இதைக் கொஞ்சம் பொறுமையாகப் புரிந்துகொள்ளுங்கள், உயிர் காக்கும் விஷயம். அங்கே வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும். வலப்புறம் திரும்பக் காத்திருப்பவருக்குக் குறுக்கே வரும் கார்கள் எல்லாம் இடது பக்கத்திலிருந்து வரும். அதனால் அவர் கழுத்து இடது பக்கமே திரும்பியிருக்கும். ஓர் இடைவெளி கிடைக்காதா என்று பார்த்தபடியே பிரேக்கைத் தளர்த்துவார். அவருக்கு வலது பக்கப் பிளாட்பாரத்திலிருந்து இறங்குகிறோம் பாருங்கள், நாம்... அவர் கணக்கிலேயே இல்லை!

நம் பக்கமும் ஒரு கோளாறு உண்டு. நம் ஊர்ப் பழக்கத்தில், தெருவில் இறங்கும்போது முதலில் வலது பக்கம்தான் பார்ப்போம். அங்கே அந்தக் கார் நிற்பதோ நம் இடது கைப் பக்கம். அவர் ஒரு பக்கம் பார்க்க, நாம் மறுபக்கம் பார்க்க, நடுவில் பம்பர்!

சிவப்பு என்றால் நிற்க வேண்டும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியுமே, இந்த விதிவிலக்கு எப்படி வந்தது? எல்லாம் பெட்ரோல் படுத்திய பாடு. கலிஃபோர்னியா போன்ற மேற்கு மாநிலங்களில் முன்பே இருந்த பழக்கம்தான். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் அமெரிக்காவில் பங்க் வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்றன. சிக்னலில் இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்பது வீண் என்று கணக்குப் போட்டார்கள். 1975-ல் வந்த எரிசக்திச் சட்டம், எரிபொருள் சேமிப்புத் திட்டத்துக்கு மத்திய அரசின் பணம் வேண்டும் என்றால் சிவப்பில் வலப்புறம் திரும்ப அனுமதிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு நிபந்தனை போட்டது. கடைசியாக மாசசூசெட்ஸும் 1980-ல் வழிக்கு வந்தது. பெட்ரோல் மிச்சமானது. நடப்பவர்கள்?

நியூயார்க் மாநிலம், விஸ்கான்சின், ஒஹையோ, நியூ ஆர்லியன்ஸ் நகரம் ஆகிய இடங்களை வைத்து 1982-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிக்னல்களில் வலப்புறம் திரும்பும் வண்டிகள் நடப்பவர்மீது மோதும் விபத்துகள், புதிய விதிக்குப் பிறகு 43 சதவீதம் முதல் 107 சதவீதம் வரை கூடியிருந்தன. சைக்கிள்காரர்கள் கதி இன்னும் மோசம். போலீஸ் அறிக்கைகளைப் புரட்டினால் திரும்பத் திரும்ப ஒரே கதைதான்: நின்றார், இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் வந்தவரைக் கவனிக்கவில்லை.

இதனால்தான் சில சந்திப்புகளில் 'நோ டர்ன் ஆன் ரெட்' என்று போர்டு மாட்டி வைக்கிறார்கள். மரமோ கட்டடமோ மறைத்துக் குறுக்குத் தெரு தெரியாத இடம், தெருக்கள் கோணலாகச் சேரும் இடம், குழந்தைகளும் வயதானவர்களும் ஊனமுற்றவர்களும் நிறையக் கடக்கும் இடம், எல்லா வண்டிகளையும் நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு மட்டும் வழிவிடும் சிக்னல் உள்ள இடம்... இங்கெல்லாம் சிவப்பு என்றால் சிவப்புதான். சில போர்டுகளில் பள்ளிக்கூட நேரம் மட்டும் குறித்திருக்கும்.

நியூயார்க் நகரத்தில் நேர் தலைகீழ். அங்கே சிவப்பில் திரும்பவே கூடாது. திரும்பலாம் என்று போர்டு இருந்தால்தான் உண்டு. நியூஜெர்ஸியிலிருந்து ஹட்சன் ஆற்றுக்கு அடியில் சுரங்கப் பாதையில் போய் வெளியே வந்தால் சட்டமே மாறிவிடுகிறது! கனடாவிலும் இப்படித்தான். கியூபெக் மாநிலம் 2003-ல் அனுமதித்தபோதும் மான்ட்ரியல் தீவை மட்டும் விலக்கி வைத்தது. ஜனங்கள் நடக்கும் ஊர், நடப்பவர் பக்கம் நிற்கிறது. என்னைக் கேட்டால், கடைத்தெரு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி உள்ள எந்தச் சந்திப்பிலும் அந்த போர்டு கட்டாயம் இருக்க வேண்டும்.

"அத்தை, இந்த சிக்னல்ல ஒரு நிமிஷம் சும்மா நிக்க வேண்டியிருக்கு. தெருவுல ஆளே இல்லை" என்பார் என் மாப்பிள்ளை. பின்னால் இருப்பவர் வேறு ஹாரன் அடிப்பார். அவருக்குப் போர்டு தெரியாது, அல்லது தெரிந்தும் அவசரம். 'நில்லுங்கள் மாப்பிள்ளை, என்னை மாதிரி எவளாவது குறுக்கே வருவாள்' என்பேன். சிரித்துக்கொண்டே நிற்பார். நல்ல பிள்ளை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படித் திரும்பும் கார் மோதி உயிர் போவது, அங்கே நடக்கும் மொத்தச் சாலைச் சாவுகளில் மிக மிகச் சிறிய பங்கு. 1995-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தந்த அரசு அறிக்கையே அப்படிச் சொல்கிறது. கார் மெதுவாகத்தானே வரும்! ஆனால் 'மெதுவாக' என்பது யாருக்கு? இருபது வயதுப் பையன் தட்டிவிட்டு எழுந்து போவான். மாதவிடாய் நின்று பதினைந்து வருஷமான நமக்கு எலும்பு தேய்ந்திருக்கும். இடித்துத் தள்ளக்கூட வேண்டாம், மிரண்டு விழுந்தாலே போதும். இடுப்பெலும்பு முறிந்தால் ஆபரேஷன், வாக்கர், மாதக்கணக்கில் ஓய்வு. பேத்தியைக் குளிப்பாட்டப் போனவளை மகள் குளிப்பாட்ட வேண்டிவரும். போகும்போது எடுத்த இன்ஷூரன்ஸுக்கு உச்சவரம்பு உண்டு என்பதை அப்போதுதான் பிள்ளைகள் எடுத்துப் படிப்பார்கள்.

அதனால், வெள்ளை மனிதன் எரிந்தாலும் உடனே இறங்காதீர்கள். முதல் வரிசையில் நிற்கும் காரை, அதைவிட முக்கியமாக உள்ளே இருப்பவர் முகத்தைப் பாருங்கள். அவர் கண் உங்கள் கண்ணைச் சந்தித்ததா, காலை வையுங்கள். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் பிளாட்பாரத்திலேயே நில்லுங்கள். பேரனைத் தள்ளுவண்டியில் கூட்டிப் போகிறவர்கள் இன்னும் கவனம்: நாம் இன்னும் பிளாட்பாரத்தில்தான் இருப்போம், வண்டி ஏற்கெனவே தெருவில் இருக்கும். இப்போது வரும் உயரமான கார்களின் பானெட்டுக்குக் கீழே குழந்தை தெரியவே தெரியாது. இருட்டிய பிறகு வெளிர் நிற ஸ்வெட்டர் நல்லது.

நம் ஊர் 'ஃப்ரீ லெஃப்ட்' மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். அதே ஆபத்துதான், கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறி! திரும்புகிறவர் வலது பக்கம் பார்த்துக்கொண்டே வருவார், இடது பக்கத்திலிருந்து இறங்குகிறவர் பாடு திண்டாட்டம். அதைத் தனியாகவே எழுதலாம்.

உள்ளூர்க்காரர்கள் எழுதிக் கேட்டால், இடத்தைப் பார்த்து போர்டு வைப்பதுண்டு என்று மாப்பிள்ளை சொன்னார். என் பெண் அந்த முனைக்காக ஒரு கடிதம் போட்டாள். பதில் வருவதற்குள் எனக்கு ஊர் திரும்பும் நாள் வந்துவிட்டது. அதுவரை தினமும் ஒரு தெரு கூடுதலாக நடந்து, போர்டு இருக்கும் சிக்னலில்தான் கடந்துகொண்டிருந்தேன். சுகரும் கொஞ்சம் இறங்கியிருந்தது.